அரங்கேற்றப் படம்: வெயில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

"மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. அழைப்பிதழில் போடப் படம் எடுக்கலாம் என்று மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். ஆனாலும் முகம் கறுத்துவிட்டது, ஜிமிக்கியும் ஜரிகையும் வெளுத்துவிட்டன, கையெல்லாம் கலங்கல். கேமரா பழசு என்பதாலா? ஃபிளாஷ் வாங்க வேண்டுமா?" என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார்.

கேமரா மேல் தப்பே இல்லை, ஃபிளாஷும் வேண்டாம். நின்ற இடமும் போன நேரமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கோயில் பின்னணியில் தெரிய வேண்டும் என்று எல்லோரும் மேற்குப் பக்கம்தான் நிற்போம். கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்து பிள்ளையின் முதுகில் விழும், முகம் நிழலாகிவிடும், வெயில் பட்ட ஓரத்தில் இருக்கிற நகை மட்டும் பளீரென்று எரியும். அதே இடத்தில் மாலை ஐந்தே காலுக்கு நிறுத்திப் பாருங்கள், மேற்கு வெயில் நேராக முகத்துக்கு வரும். காலையில்தான் வசதிப்படும் என்றால் அர்ச்சுனன் தபசுக்குப் போய்விடுங்கள். அந்தப் பாறை கிழக்கே பார்த்தது, காலை வெயில் பாறையிலும் படும், அதன் முன்னால் நிற்கிற பிள்ளையின் முகத்திலும் படும். (கேமராவை நிறுத்த ட்ரைபாட் கொண்டுபோவதானால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.)

நேரத்தைப் பற்றி இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற நீண்ட பொன்வெயில் நமக்குக் கிடைக்காது, ஏனென்றால் இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, மணிக்குச் சுமார் 14 பாகை ஏறிவிடுகிறது. உதித்து ஒரு மணி நேரம், அதற்குள் முடித்துவிட வேண்டும். சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேலேயே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்து, அவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய கண்மையும் தெரியாது, கண்ணும் தெரியாது. அபிநயத்தில் பாதி கண்ணில்தானே இருக்கிறது!

சரி, பத்து மணிக்கு மாட்டிக்கொண்டால்? கல் மண்டபம் தேடுங்கள். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, வெளியே பார்த்தபடி நிற்கட்டும். மேல்வெயிலைக் கூரை தடுத்துவிடும், வெளித்தரையில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மெதுவாக முகத்துக்கு வரும். போதவில்லையா, ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்து, வெயில் அதில் படும்படி இடுப்பளவில் சாய்த்துப் பிடிக்கட்டும். பிடித்ததும் கிட்டே போய்க் கருவிழியைப் பாருங்கள், சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கும். விழும் வரை வேட்டியை நகர்த்திக்கொண்டே இருப்பேன், அதற்கு முன் கேமராவைத் தொடமாட்டேன். மரநிழல் மட்டும் வேண்டாம், இலையின் பச்சை முகத்தில் ஏறும், வெயிலும் திட்டுத்திட்டாக விழும்.

கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம். ஆட்டோவில் விட்டால் கேமரா 1/200 நொடி போல எதையாவது எடுத்துக்கொள்ளும். நின்ற நிலைக்கு அது போதும், அடவுக்கு, அதாவது கையும் காலும் சேர்ந்து ஆடும் அசைவுக்கு, போதாது. உடம்பை விடக் கை வேகமாகப் போகும், விரல் அதைவிட வேகம். அடவுக்கு 1/500, குதித்தால் 1/1000 வையுங்கள், அதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800 ஆனாலும் பயப்படாதீர்கள். அரக்குச் சிவப்புப் பட்டு என்றால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் மூலக்கோப்பில், எடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும்.

ஆனால் வேகத்தை விட முக்கியம் எப்போது அழுத்துகிறோம் என்பதுதான். ஒரே அழுத்தில் இருபது படம் எடுத்து அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இருபதுமே இரண்டு முத்திரைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். சொற்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, யாராவது வாயால் சொல்லட்டும், மகளே சொன்னாலும் சரி. தீர்மானத்தில் (அடவுக்கோவையை முடித்துவைக்கிற பகுதியில்) மூன்றாவது 'ததிங்கிணதொம்' வரும்போது அந்தத் 'தொம்'மில் கால் தரையில் பதிந்து, கை நீண்டு, பார்வையும் கைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கணம் எல்லாம் நிற்கும். 'ண' கேட்கும்போதே விரலைத் தயாராக வைத்திருங்கள்.

அரைமண்டியை (முட்டியை வெளிப்பக்கமாக மடித்துப் பாதி உட்காரும் நிலையை) எடுக்கும்போது நீங்களும் உட்காருங்கள், லென்ஸ் மகளின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தொடை குறுகி, எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் உட்காராத மாதிரியே தெரியும், வருடக்கணக்கில் பயின்ற பிள்ளைக்கு அது பெரிய அநியாயம். 85 மி.மீ. போல ஒரு லென்ஸ் போட்டுத் தள்ளி வந்து எடுங்கள், விரல் நுனிக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

அப்புறம், கால். ஆடுகிறவள் வெறுங்காலில் நிற்கிறாள், நாம் செருப்போடு நிற்கிறோம். ஒன்பதரைக்கெல்லாம் கருங்கல் சுட ஆரம்பித்துவிடும், அதன்மேல் தட்டடவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னால் குதிகாலும் முட்டியும் என்ன ஆகும்? நான் ஒரு ஈரச் சாக்கு எடுத்துப்போவேன், படத்துக்குப் படம் அதன்மேல் நிற்கச் சொல்வேன். மகள் முகம் சுளித்தால் முகபாவம் சரியாக வரவில்லை என்று திருத்தாதீர்கள், முதலில் உங்கள் உள்ளங்கையை அந்தக் கல்லில் வைத்துப் பாருங்கள்.