வெள்ளநீரும் கட்டடமும்: கேள்வி பதில்

வெள்ளத்தைத் தாங்கும் கட்டடங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தாழ்வான மனையில் வீடு கட்டப் போகிறோம். நூறாண்டு வெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் தரை இருக்க வேண்டும் என்கிறார் ஆலோசகர். நூறாண்டுக்கு ஒருமுறை வருவதற்காக இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: இந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தைத்தான் அப்படி அழைக்கிறோம். இந்த ஆண்டு வந்துவிட்டதால் அடுத்த ஆண்டு வராது என்று அதற்குப் பொருள் இல்லை. கணக்குப் போட்டால், 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அந்த வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். 50 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதம். வீட்டின் ஆயுளை வைத்துப் பார்த்தால் ஆலோசகர் சொன்னது மிகையல்ல.

அந்த மட்டத்துக்கு மேலும் 30 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை கூடுதல் உயரம் கொடுப்பது வழக்கம். அலையடிப்பு, குப்பை அடைத்துக்கொண்ட பாலங்கள், தண்ணீர் வரும் வழியின் மேற்பகுதியில் புதிதாக எழும் கட்டடங்கள், கணக்கிலேயே உள்ள பிழை ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளிதான் ஈடுகொடுக்க வேண்டும். பேஸ்மட்டத்தைச் சாலையிலிருந்து அளக்காதீர்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே போகும், உங்கள் தரை நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள பழைய வெள்ளக் கறை, தண்ணீர் அதுவரை வந்தது என்பதற்குத்தான் சாட்சி. அதற்கு மேல் வராது என்பதற்கு அல்ல.

கேள்வி: மண் கொட்டி மனையையே உயர்த்துவது நல்லதா, தூண்கள் மேல் வீட்டை எழுப்புவது நல்லதா?

பதில்: இடம் அனுமதித்தால் நான் தூண்களையே பரிந்துரைப்பேன். கொட்டிய மண் வெள்ளநீர் தேங்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதால், உங்கள் மனையிலிருந்து விலக்கப்பட்ட தண்ணீர் அண்டை வீட்டுக்குத்தான் போகும். மேலும், 15 அல்லது 20 செ.மீ. கனமுள்ள அடுக்குகளாகக் கொட்டி ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கினால் ஒழிய, முதல் வெள்ளத்தில் நனைந்தவுடன் அது அமிழ்ந்து தரையைப் பிளந்துவிடும். மேட்டின் ஓரங்களில் கல் பதிக்காவிட்டால் ஓடும் நீர் அவற்றை அரித்துச் செல்லும்.

தூண்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கீழே வெறும் தூண்களும் மேலே சுவர்கள் நிறைந்த தளங்களும் இருந்தால், நிலநடுக்கத்தின்போது அந்தக் கீழ்த்தளமே முதலில் மடங்கும். ஆகவே அங்கே சில கான்கிரீட் சுவர்களைச் சேர்க்க வேண்டும். இரு திசைகளிலும் உறுதி வேண்டும் என்றாலும், நீளமான சுவர்களை நீரோட்டம் வரும் திசைக்கு இணையாக வைத்தால் தண்ணீர் அவற்றின் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும். இத்தனையும் செய்த பிறகு, சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்காரர் தூண்களுக்கிடையே செங்கல் அடைத்து அறை கட்டிக்கொள்வதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். வடிவமைப்பின் பயன் முழுவதும் அன்றோடு போய்விடுகிறது.

கேள்வி: சுவருக்கு நீர்ப்புகாப் பூச்சு பூசி, வாசல்களுக்குத் தடுப்புப் பலகை போட்டுவிட்டால், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வெளியிலேயே நிறுத்திவிடலாம் அல்லவா?

பதில்: இல்லை. பூச்சு தோற்பதற்கு முன்பே சுவர் தோற்றுவிடும். தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் தருகிறது. மேற்பரப்பில் அழுத்தம் இல்லை, அடியில்தான் முழு அழுத்தம் என்பதால், ஒரு மீட்டர் நீளமுள்ள சுவர்மீது மொத்தம் அரை டன் விசை விழும். தண்ணீர் இரண்டு மீட்டர் உயர்ந்தால் அந்த விசை ஒரு டன் ஆகாது, இரண்டு டன் ஆகும். சுவரை அடியோடு சாய்க்க முயலும் திருப்புவிசையோ எட்டு மடங்காகும். அறையின் நான்கு மீட்டர் அகலச் சுவர்மீது இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் எட்டு டன் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள். மேலிருந்து வரும் பாரத்தைச் செங்கல் சுவர் அசையாமல் தாங்கும். பக்கவாட்டுத் தள்ளலுக்கு அது கட்டப்படவே இல்லை.

இதனால்தான் சாதாரணச் செங்கல் சுவரில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் உயரத்துக்குப் பிரிட்டிஷ் வழிகாட்டிகள் சுமார் 60 செ.மீ. என்றும், அமெரிக்க வழிகாட்டிகள் சுமார் 90 செ.மீ. என்றும் எல்லை வகுத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அல்லாத எதற்கும் 60 செ.மீ.க்கு மேல் போகமாட்டேன்.

பலரும் மறப்பது தரையை. வெளியே நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் தரைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும். பத்து செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோதான். கால் மீட்டர் தண்ணீரின் மேலழுத்தத்திலேயே அது சமநிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் தண்ணீர் உயரும்போது, சுவர்களோடு பிணைக்கப்படாத தரை எழும்பி வெடிக்கிறது. வாசலில் அருமையான தடுப்புப் பலகை நிற்க, நடுக்கூடத்தில் தண்ணீர் ஊற்றெடுக்கும் காட்சி இப்படித்தான் உண்டாகிறது.

கேள்வி: அப்படியானால் தண்ணீரை நாமே உள்ளே விட வேண்டும் என்கிறீர்களா? கேட்பதற்கே வினோதமாக இருக்கிறதே.

பதில்: ஆம், அதையேதான் சொல்கிறேன். எந்த உயரம் வரை தடுப்பது, எந்த உயரத்துக்கு மேல் வழிவிடுவது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் இரு பக்க அழுத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சுவர் நனையும், ஆனால் நிற்கும்.

வாகனம் நிறுத்தும் இடம், பொருள் வைக்கும் அறை போன்ற கீழ்த்தள அடைப்புகளுக்கு அமெரிக்க விதிகளில் உள்ள கணக்கு எளிமையானது: ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் சுமார் 70 சதுர செ.மீ. திறப்பு வேண்டும். 20 சதுர மீட்டர் அறைக்கு மொத்தம் 1,400 சதுர செ.மீ. ஆகும். குறைந்தது இரண்டு திறப்புகள், வெவ்வேறு சுவர்களில் இருக்க வேண்டும். அவற்றின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து 30 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மிக முக்கியமாக, யாரும் வந்து திறக்காமலேயே அவை வேலை செய்ய வேண்டும். நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது கதவைத் திறந்துவிட ஆள் இருப்பார் என்று எண்ணி வடிவமைக்கக் கூடாது. எலிக்குப் பயந்து நெருக்கமான வலை அடித்தால் இலையும் குப்பையும் அதில் அடைத்துக்கொள்ளும். அகலக் கண்ணியுள்ள வலையே போதும்.

கேள்வி: நனைந்தாலும் கெடாத கட்டுமானப் பொருட்கள் எவை?

பதில்: கான்கிரீட், சிமென்ட் பூச்சு, சுட்ட ஓடு, பளபளப்பூட்டிய டைல்ஸ், கருங்கல், ஃபைபர் சிமென்ட் பலகை ஆகியவை நனைந்து காய்ந்த பிறகும் பயன்படும். ஜிப்சம் போர்டு, மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவை ஒருமுறை ஊறினால் குப்பைக்குத்தான். சமையலறை அலமாரிகள் இவற்றில்தான் பெரும்பாலும் செய்யப்படுகின்றன என்பதால், வெள்ளத்துக்குப் பின் வீதியோரம் குவியும் கழிவில் அவையே மலைபோல் தெரியும். கீழ்ப்பகுதியை மட்டுமேனும் கட்டுச்சுவரும் கல் பலகையுமாகச் செய்துவிடலாம்.

பொருளைவிட அடுக்கும் முறை முக்கியம் என்பேன். தண்ணீர் புகவும் வெளியேறவும் முடியாத குழிவான இடைவெளிகளே பெரும் தொல்லை: மரச்சட்டத்தின் மீது பலகை அடித்து நடுவில் பஞ்சு வைத்த சுவரில், வெளிப்புறம் காய்ந்து அழகாகத் தெரியும்போதே உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். ஈரம் தங்கிய இடத்தில் அது ஓரிரு நாட்களில் தொடங்கிவிடும். தரைக்கு ஓர் ஓரத்தை நோக்கி மெல்லிய வாட்டம் கொடுத்து, வெளியேற்றும் துளை ஒன்றையும் வைத்தால், சேற்றைக் கழுவித் தள்ளும் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: ஒயரிங் எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: மேலிருந்து கீழே வர வேண்டும். கூரையை ஒட்டி ஓடும் குழாயிலிருந்து ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒயர் இறங்கினால், தரைக்கடியில் தண்ணீர் தேங்கும் குழாயே இருக்காது. மீட்டர், மெயின் பெட்டி, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் அனைத்தும் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். கீழ்த்தளத்துக்குத் தனிச் சுற்று கொடுத்துக் மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பரும் பொருத்தினால், அதை மட்டும் நிறுத்திவிட்டு மேல்தளத்தில் விளக்கோடு இருக்கலாம்.

கேள்வி: வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, ஆனால் கழிவறைப் பீங்கான் வழியாகச் சாக்கடை பொங்கி வந்துவிட்டது. என்ன காரணம்?

பதில்: வெளிக் குழாயில் தண்ணீர் உங்கள் பீங்கானின் மட்டத்தைவிட உயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுக்குழாயில், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வைப் பொருத்துங்கள். கையால் திறந்து சுத்தம் செய்யக்கூடிய தொட்டிக்குள் அது இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைத்துவிட்டால், வால்வின் மூடியான நாக்கில் சிக்கிய ஒரு துணி அதைத் திறந்தபடியே நிறுத்திவிடும். வால்வு மூடியிருக்கும்போது உங்கள் கழிவும் வெளியே போகாது என்பதால், அந்த நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

செப்டிக் டேங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள காலித் தொட்டியைச் சுற்றி மண் ஊறிப்போனால், அதை நாலரை டன் விசை மேலே தூக்கும். பிளாஸ்டிக் தொட்டிகள் மிதந்து வெளியே வருவதும், இணைப்புக் குழாய்கள் ஒடிவதும் இதனால்தான். அடியில் கனமான கான்கிரீட் தளம் போட்டுப் பட்டைகளால் கட்டுவது ஒரு தீர்வு. மழைக்காலத்துக்கு முன் கழிவகற்றினால், நல்ல தண்ணீரால் உடனே நிரப்பிவைப்பது அதைவிட எளிய தீர்வு.

கேள்வி: ஆற்றங்கரையில் எங்கள் கட்டடம் உள்ளது. தேங்கும் வெள்ளத்துக்கும் ஓடும் வெள்ளத்துக்கும் வடிவமைப்பில் என்ன வேறுபாடு?

பதில்: நிரம்ப உண்டு. ஓட்டத்தின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. 2 மீட்டரில் 200 கிலோ. 3 மீட்டரில் 450 கிலோவுக்கு மேல். கட்டடத்தின் வடிவத்தைப் பொறுத்து இது இன்னும் கூடும். மிதந்து வரும் மரம் ஒன்று மோதினால் அந்த அடி ஒரே தூணில் விழும். அதனால் ஒரு தூண் போனாலும் மேல்தளம் உடனே விழாதவாறு விட்டங்களைத் தொடர்ச்சியாகப் பிணைக்க வேண்டும்.

ஆனால் ஆற்றங்கரைக் கட்டடங்கள் விழுவதற்கு மோதலைவிட அரிப்பே பெரும்பாலும் காரணமாகிறது. ஓட்டம் கட்டடத்தின் மூலையில் திரும்பும்போது வேகமெடுத்துச் சுழன்று, அங்குள்ள மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும். நல்ல சுவர், நல்ல கூரை எல்லாம் இருந்தும், கடைக்காலுக்கு அடியில் மண் இல்லாமல் போனால் கட்டடம் முழுதாகச் சாயும். மணற்பாங்கான இடத்தில் ஆழமற்ற கடைக்கால் போடவே கூடாது. கணக்கிட்ட அரிப்பு ஆழத்துக்கும் கீழே இறங்கும் பைல்களே, அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்களே, பொருத்தம். மண் போன பிறகு அந்த பைல்கள் வெறும் தூண்களாக நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுற்றுச்சுவரை ஓட்டத்துக்குக் குறுக்கே கெட்டியாகக் கட்டாமல், அடியில் திறப்புகள் விட்டோ கம்பி வேலியாகவோ அமையுங்கள். இல்லையென்றால் அது தண்ணீரைத் தேக்கி வைத்து, உடையும்போது ஒரே வீச்சில் வீட்டின் மீது விடும்.

கேள்வி: தண்ணீரோடு சேர்ந்து உயரும் மிதக்கும் வீடுகள் உண்மையிலேயே உள்ளனவா?

பதில்: உள்ளன. நெதர்லாந்தின் மாஸ்பொம்மல் என்னும் ஊரில் மாஸ் ஆற்றோரம், உள்ளீடற்ற கான்கிரீட் அடித்தளத்தின் மேல் அமைந்த வீடுகள் இருக்கின்றன. ஊன்றிய கம்பங்களைப் பற்றிக்கொண்டு, வெள்ளம் வந்தால் அவை மேலேறும்; குடிநீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றுக்கு வளையும் குழாய்கள் உண்டு. மெதுவாக உயரும் வெள்ளத்துக்கு அருமையான ஏற்பாடு. மரங்களை அடித்துக்கொண்டு பாயும் வெள்ளத்துக்கு ஆகாது.

கேள்வி: தெருவில் தண்ணீர் வடிந்ததும் நிலவறையில் நிற்பதை மோட்டார் வைத்து ஒரே நாளில் இறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தெரு காய்ந்திருந்தாலும் மண் ஊறித்தான் இருக்கும். உள்ளே உள்ள தண்ணீர்தான் அந்தச் சுவர்களை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் சுமார் 30 செ.மீ. மட்டும் இறைத்து, மட்டத்தைச் சுவரில் குறித்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் தண்ணீர் மீண்டும் ஏறியிருந்தால் வெளியே நிலத்தடி நீர் இன்னும் இறங்கவில்லை. ஓரிரு நாள் பொறுத்து மறுபடி முயலுங்கள். ஏறாமல் இருந்தால் அடுத்த நாளும் அதே அளவு மட்டும். புகைவிடும் எந்த இயந்திரத்தையும் நிலவறைக்குள் இறக்கி ஓட்டாதீர்கள்.

கேள்வி: பழைய ஒற்றைத்தள வீடு, கையில் பணம் குறைவு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உயிரிலிருந்து. கூரைக்குச் செல்ல உள்ளிருந்தே ஒரு படிக்கட்டோ ஏணியோ, அதன் உச்சியில் உள்ளிருந்து திறக்கும் கதவும் முதலில் வேண்டும். எல்லா ஜன்னல்களுக்கும் கம்பி போட்டிருந்தால் ஒன்றையாவது திறக்கக்கூடியதாக மாற்றுங்கள். அடுத்து மெயின் பெட்டியை உயர்த்துவதும், கழிவுக்குழாய் வால்வும். கூரைத் தொட்டி அல்லாத எல்லாத் தொட்டிகளையும் எரிவாயு உருளைகளையும் கட்டிவையுங்கள். மற்றவற்றை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை. எப்படியும் ஒரு கதவையோ தரையையோ பூச்சையோ மாற்ற நேரும்போது, நனைந்தாலும் கெடாத ஒன்றாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. சுவருக்கு இப்போது பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: தடித்த செங்கல் சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் உப்புப் பூத்துப் பெயின்ட்டை உரித்துத் தள்ளும். அரை மீட்டர் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தாலோ, ஜன்னல்களைத் திறந்தே வைத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒட்டுங்கள்.