ஜப்பானிய மொழியில் 'தடித்த கயிறு': அட்சுய் ஏன் தவறானது?

'தடித்த கயிறு' என்பதை ஜப்பானிய மொழியில் எழுதும்போது 'தடித்த' என்பதற்கு 'அட்சுய்' என்று போட்டிருந்தீர்கள். கயிற்றுக்கு 'ஃபுதோய்' என்று எழுத வேண்டும். 'அட்சுய்' என்பது புத்தகம், பலகை, கம்பளிப் போர்வை போன்ற தட்டையானவற்றுக்கு உரியது.

அகராதியில் இரண்டுக்கும் 'தடித்த' என்றே பார்த்திருப்பீர்கள், குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்கும். ஜப்பானிய மொழி அளவோடு வடிவத்தையும் பார்க்கிறது, எனக்கு அதில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

எழுதும் முன் இப்படிச் சோதியுங்கள்: எதை அளக்கிறீர்கள்? குறுக்கு விட்டம் என்றால் ஃபுதோய், எதிர்ச்சொல் ஹொசோய். இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள கனம் என்றால் அட்சுய், எதிர்ச்சொல் உசுய்.

ஆனால் இந்த ஜோடிகளை எல்லா இடத்திலும் நம்பாதீர்கள். வெளிர்நிறமும் உசுய்தான், அடர்நிறத்துக்கோ அட்சுய் வராது, 'கோய்' என்ற வேறு சொல். அப்புறம், 'சூடான' என்பதற்கும் ஒலி அட்சுய்தான், எழுத்து வேறு.