விட்ஜெட் ஏன் உறைந்து நிற்கிறது?

கேள்வி: ஆண்ட்ராய்டு போனின் முகப்புத் திரையில் வாட்ஸ்அப் விட்ஜெட் (ஆப்பைத் திறக்காமலே செய்திகளைக் காட்டும் சிறு பெட்டி) வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்தால்தான் புதிய செய்திகள் அதில் தெரிகின்றன. விட்ஜெட்டில் கோளாறா?

பதில்: விட்ஜெட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. விட்ஜெட் தானாக இயங்குவதில்லை. பின்னணியில் இருக்கும் ஆப் தரும் தகவலைத்தான் காட்டுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்த ஆப்பைத் தூங்கவைத்தால் விட்ஜெட்டும் பழைய செய்தியோடு நின்றுவிடும்.

வாட்ஸ்அப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ'வுக்குப் போங்கள். 'பேட்டரி' பகுதியில் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' (பின்னணியில் தடையின்றி இயங்க அனுமதி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் போன் என்றால் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியல்களையும் பாருங்கள். வாட்ஸ்அப் அங்கே இருந்தால் நீக்குங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்படி நிறுத்திய ஆப், நீங்கள் மறுபடி திறக்கும்வரை எழுந்திருக்காது. பிறகும் சரியாகவில்லையா? விட்ஜெட்டை எடுத்துவிட்டு மீண்டும் வையுங்கள்.

எல்லா ஆப்புக்கும் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' கொடுக்காதீர்கள், சார்ஜ் சீக்கிரம் கரையும். செய்தி ஆப் ஒன்றிரண்டுக்குப் போதும். வானிலை போன்ற விட்ஜெட்டுகள் தாமதமாக மாறுவது வேறு விஷயம்: ஆண்ட்ராய்டின் வழக்கமான புதுப்பிப்பு இடைவெளியே குறைந்தது 30 நிமிடம்.

கேள்வி: சாம்சங் போனில் விட்ஜெட்டைச் சேர்க்கவே முடியவில்லையே?

பதில்: செட்டிங்ஸில் 'ஹோம் ஸ்கிரீன்' பகுதிக்குப் போய் 'லாக் ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்' என்பதை அணையுங்கள். திரையில் காலி இடம் இல்லாவிட்டால் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து அதில் வையுங்கள்.