ஏழாவதாக வந்த பெண்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம், எங்கள் வீட்டிலும் உங்கள் எழுத்தைப் படிக்கிறவர்கள் உண்டு.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். என் நாத்தனார் மகளும் அதே வகுப்புதான். இவளைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். தை மாதம் பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே நடந்தது. 50 மீட்டர் ஓட்டத்தில் அந்தப் பெண் முதலாவது. என் மகள் எட்டுப் பேரில் ஏழாவது. அன்று ராத்திரியிலிருந்து வீட்டில் "அவளைப் பாரு, அவளைப் பாரு" என்பதே பேச்சாக இருக்கிறது. அவர் சொல்கிறார், அத்தை சொல்கிறார். மறைப்பானேன், நானும் சொன்னேன். நாத்தனார் தன் மகளை லீவில் கோச்சிங் சேர்க்கிறாராம். ஹைஸ்கூலுக்கு, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போன பறளியிலோ முண்டூரிலோ போடப்போவதாகப் பேச்சு. இப்போது பி.டி. பீரியட் இருக்கிற நாளெல்லாம் என் மகளுக்குக் காலையில் வயிற்றுவலி வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்.

அவளையும் கோச்சிங்கில் சேர்க்கட்டுமா? இல்லை, விளையாட்டே வேண்டாமென்று விட்டுவிடட்டுமா? யாரோடும் ஒப்பிடாமல் ஒரு பிள்ளையை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது?

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வயிற்றுவலி. டாக்டர் ஒன்றுமில்லை என்றது, நோய் ஒன்றுமில்லை என்ற பொருளில். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. பயந்த பிள்ளைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். ராத்திரித் தூக்கத்தைக் கலைக்கிற வலியானாலோ, வாந்தி வந்தாலோ, எடை குறைந்தாலோ தாமதிக்காமல் மறுபடி டாக்டரிடம் போங்கள். மற்றபடி அவளை மடியில் படுக்கவைத்து வயிற்றைத் தடவிவிடுங்கள். "நடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பதினோரு மாதம் மூத்தவள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஜூன் 1 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு என்பதுதான் இவர்கள் சேர்ந்தபோது நம் பக்கத்துக் கணக்கு. மே மாதம் ஐந்து முடிந்த பிள்ளையும், போன ஜூனிலேயே ஐந்து முடிந்து வருடம் முழுக்கக் காத்திருந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். உங்கள் மகள் சுண்ணாம்புக் கோட்டில் நின்றபோது அவளுக்கு ஏழேமுக்கால் வயதுகூட ஆகியிருக்காது, அந்தப் பெண்ணுக்கு எட்டரை தாண்டியிருக்கும். இந்தப் பிராயத்தில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஒருத்தியின் ஆயுளில் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக வளர்ந்த கால்களோடு இன்னொருத்தியின் கால்களை ஓடவிட்டிருக்கிறார்கள். அதுவும் தை மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற மாதம்.

இது நான் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்வதல்ல. 1980களில் கனடாவில் ஐஸ் ஹாக்கி இளைஞர் அணிகளின் பிறந்தநாள் பட்டியலைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்களாகக் குவிந்து கிடந்தார்கள். அங்கே வயதுக்கணக்கு தொடங்குவது ஜனவரி 1. மூத்த பிள்ளைகளைத் திறமைசாலிகள் என்று நினைத்துப் பொறுக்கி, கூடுதல் பயிற்சி கொடுத்து, நிஜமாகவே திறமைசாலிகளாக ஆக்கிவிட்டார்கள். கடைசி மாதங்களில் பிறந்ததுகள் தமக்கு வராது என்று நம்பி வீட்டுக்குப் போய்விட்டன. கால்பந்து முதலிய வேறு பல விளையாட்டுகளிலும் பிற்பாடு இதே கதையைக் கண்டார்கள்.

பெரியவர்களாகும் பருவத்தில் இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். பெண்பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் பையன்கள் பதினான்கை ஒட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். சராசரி என்றால் முன்னே பின்னே நிறைய உண்டு. ஒரே வகுப்பில் ஒருத்தி வளர்ந்து முடிக்கிற தறுவாயில் இருப்பாள், இன்னொருத்தி தொடங்கியே இருக்கமாட்டாள். அதனால் எனக்கு உங்கள் நாத்தனார் மகளை நினைத்தும் கவலையாக இருக்கிறது. இன்றைக்கு முதலிடம் அவளுக்கு அலுங்காமல் கிடைக்கிறது. மற்றவர்கள் வளர்ந்து எட்டிப்பிடிக்கிற நாளில் அவள் மூன்றாவதாக வருவாள். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "அவளைப் பாரு" என்ற சொல் உங்கள் மகளைக் குத்துகிறது. அந்தப் பெண்ணின் தலையில் அது ஒரு கடனை ஏற்றிவைக்கிறது. இரண்டுமே நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

முண்டூர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்கு ஓட்டக்காரி பி.யு. சித்ராவின் முகம்தான் வரும். கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண், 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வாங்கினார். அது 1500 மீட்டர். அந்த ஓட்டத்துக்கு வேண்டிய நெஞ்சும் பொறுமையும் ஒரு குழந்தையிடம் உண்டா என்று 50 மீட்டர் ஓடவிட்டு யாராலும் சொல்ல முடியாது. பாலக்காட்டு யாக்கரையைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் ஸ்ரீசங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவருமே தடகளத்தில் இருந்தவர்கள். சின்ன வயதில் அவர் ஜெயித்ததெல்லாம் குறுந்தூர ஓட்டத்தில். தாண்டுதலுக்கு வந்தது பதின்மூன்று வயதில். 2022இல் பர்மிங்காமில் 8.08 மீட்டர் தாண்டி காமன்வெல்த் வெள்ளி வாங்கினார். விளையாட்டையே சுவாசித்த வீட்டிலும் எது அவருடையது என்று தெரிய அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

நார்வேயில் 1987இலேயே பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று விதி எழுதிவைத்திருக்கிறார்கள். பதினொரு வயதுக்குமுன் தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது. பதின்மூன்று வயதுக்குமுன் தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. மொத்தமே ஐம்பத்தைந்து லட்சம் சனம் உள்ள நாடு அது. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு பட்டியலில் முதலாவது வந்தது. அந்த விதியால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், பனியும் பணமும் அங்கே உண்டு. பட்டியல் போடாமல் வளர்த்த பிள்ளைகள் சோடைபோகவில்லை என்பதுவரை சொல்லலாம்.

இனி என் கதை. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நன்றாக ஓடுவான் என்று எனக்கு ஆசை. இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவது தப்பு என்று தெரியும். அதனால் அவனை அவனோடே ஒப்பிடலாம் என்று முடிவு செய்தேன். நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்தால் போதும், அதில் யாருக்கு என்ன வருத்தம் என்று நினைத்தேன். கையில் டிஜிட்டல் வாட்ச். தோப்பில் மோட்டார் ரூமிலிருந்து கடைசித் தென்னை வரைக்கும் ஓட்டம். தினமும் சாயங்காலம் நோட்டில் எழுதுவேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள். ஓடி வருகிறான். கடைசிப் பத்தடியில் அவன் கண் தென்னையைவிட்டு விலகி என் கைக்கு வந்தது. பித்தான்மேல் இருந்த என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே ஓடினான். கீழே கிடந்த மட்டையில் கால் சிக்கிக் குப்புற விழுந்தான். முட்டி கிழிந்து மண்ணும் ரத்தமும் கலந்து ஒழுகுகிறது. எழுந்தவன் முட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "எத்தனைங்கப்பா?" என்றான்.

அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. அவனுடைய ஓட்டத்தை அவனிடமிருந்து பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்சைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினேன்.

அப்புறம் சாயங்காலங்களில் சும்மா திண்டில் உட்கார்ந்து அவன் விளையாடுவதைப் பார்த்தேன். மூன்று வாரம் பக்கத்தில் நின்றும் காணாததெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. வாய்க்காலைத் தாவும்போது எப்போதும் இடதுகாலைத்தான் ஊன்றுவான். குதிகாலில் 'தொப்'பென்று இறங்குவான், கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பன் பிள்ளைகளோடு தாவித் தாவி ஒரு மாதத்தில் கைகள் தானாகவே விரிந்தன. முட்டியை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்கினான். "இன்னைக்குப் பூனையாட்டம் எறங்குனே சாமி" என்றேன். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அந்த நோட்டுக் கணக்கு ஒருநாளும் தந்ததில்லை. இப்போது பெரியவனாகிவிட்டான். மெடல் ஒன்றும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் கிரவுண்டில் வாலிபால் ஆடுகிறான்.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஒப்பிடக்கூடாது என்று நாக்கைக் கட்டினால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் வாயில் வந்துவிடும். தன் பிள்ளை ஓடுவதைப் பார்க்கத் தெரியாதபோதுதான் நம் கண் பக்கத்துப் பிள்ளைக்குப் போகிறது. உங்கள் மகள் ஏழாவது வந்தாள் என்று எழுதினீர்கள். எப்படி ஓடினாள் என்று ஒரு வரி இல்லை. சிரித்துக்கொண்டு ஓடினாளா, பல்லைக் கடித்துக்கொண்டா, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டா? அதைப் பாருங்கள். நொண்டி அடிக்கும்போது இரண்டு காலிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? வலதுகையால் குரும்பையை எறியும்போது இடதுகால் முன்னே போகிறதா, வலதுகாலே போகிறதா? கயிறு தாண்டும்போது கண் எங்கே இருக்கிறது? கண்டதைத் திருத்த வேண்டாம், கண்டதை அவளிடம் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "எத்தனாவது?" என்று கேட்பதை விட்டு, "இன்னைக்கு என்ன வெளையாண்டீங்க கண்ணு?" என்று கேளுங்கள்.

கோச்சிங் இந்த வருடம் வேண்டாம். பயந்த பிள்ளையை விசில் சத்தத்துக்கு நடுவே நிறுத்தினால் பயம்தான் வளரும். பின்னால் அவளே கேட்டால் சேருங்கள். சேர்க்குமுன் ஒருநாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளைகள் ஓடுகிற நேரம் அதிகமா, வரிசையில் நிற்கிற நேரம் அதிகமா? தோற்றவர்களுக்கு ஒரு சுற்று ஓட்டம் தண்டனையா? அப்படியானால் திரும்பி வந்துவிடுங்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஒரே விளையாட்டில் முழுக்க இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். வளர்கிற எலும்பின் நுனி இளசு, ஒரே மாதிரியான அடி தினமும் விழுந்தால் குதிகாலிலும் முட்டியிலும் வலி வரும்.

இந்த வயதுக்குத் தினம் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடினால் போதும், உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். மாசி தொடங்கினால் நம் பக்கம் வெயில் ஏறிவிடும், ஐந்து மணிக்குமேல் விடுங்கள்.

உங்கள் மாமியாரைத் தள்ளிவைத்துவிட்டு இது நடக்காது. "அவளைப் பாரு" என்பது அவருக்கு அக்கறையின் பாஷை, அவரை அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். சண்டை வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, நீங்க சின்னதுல பாண்டி ஆடுவீங்களே, இவளுக்குக் கட்டம் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். வாசலில் கட்டம் விழட்டும். நாத்தனார் மகளையும் கூப்பிடுங்கள். பாண்டியில் கால் நீளம் உதவாது, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக்காலில் நிற்கிற நிதானம்தான் வேண்டும். அப்பத்தா சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் இரண்டு பெண்களும் விழுந்து எழுந்து சிரிப்பதை வீட்டுக்காரரும் பார்க்கட்டும். அவரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டியதும் உண்டு. நீங்களும் அதே சொல்லைச் சொன்னதாக ஒப்புக்கொண்டீர்களே, அதிலிருந்தே தொடங்குங்கள். "நானும் சொன்னேங்க, இனிமே சொல்றதில்லைன்னு இருக்கேன்" என்றால் அவருக்கும் கேட்கக் காது இருக்கும்.

மகளிடமும் அதைச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் மன்னிப்பு நன்றாகவே புரியும்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு வாய்க்கால் இருக்குமே. இந்த வாரம் சாயங்காலம் அவளோடு அங்கே போங்கள். எந்தக் காலை ஊன்றித் தாவுகிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்