ஹோட்டன் சமவெளியில் கூடாரம்: சீட்டு உங்கள் கைக்கு வரட்டும், பணம் அப்புறம்

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் மூன்று நாள் நடைபயணம் போக இருக்கிறோம். ஒஹியாவில் இறங்கி ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, உலக முடிவுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் அங்கிருந்தே பெலிஹுல்ஓயாப் பக்கம் இறங்குவதாகத் திட்டம். முகநூலில் அறிமுகமான ஒருவர் அனுமதி, கூடாரம், சாப்பாடு எல்லாம் தன் பொறுப்பு என்கிறார். பாதிப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்கிறார். கனடாவிலிருந்து வரும் என் பெரியப்பா மகனையும் உள்ளூர் டிக்கெட்டில் உள்ளே அனுப்பிவைப்பாராம். நம்பலாமா அண்ணா? அனுமதியை நாங்களே எடுக்க முடியாதா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: நீங்களே எடுக்கலாம் தம்பி. பணத்தை அனுப்பாதீர்கள்.

ஹோட்டன் சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது, அதன் தலைமையகம் பத்தரமுல்லையில். வெள்ளவத்தையிலிருந்து அரை நாள் வேலை. பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கக் குறித்து ஒதுக்கிய இடங்கள் உண்டு, அவற்றைத் திணைக்களத்தில்தான் முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கு இடையில் ஒருவரும் வேண்டியதில்லை. பகல் நேரத்தில் போய்ச் சுற்றிவிட்டு வருவதென்றால் அதுவும் வேண்டாம், வாயிலிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

இனி அந்த ஆள் சொன்னதைப் பார்ப்போம். உலக முடிவுக்குப் பக்கத்தில் கூடாரம் என்ற ஒரு வார்த்தையிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழும் பாறை விளிம்பு அது. ஒதுக்கிய இடங்கள் வேறெங்கோ இருக்கின்றன, விளிம்பில் இரவு தங்க யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை. அப்படியானால் அவர் உங்களை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்? பெரும்பாலும் விளிம்புக்குக் கீழே, நன்பேரியல் தோட்டத்துப் பக்கம். காலையில் தேயிலை மேட்டிலிருந்து சூரிய உதயத்தைக் காட்டுவார், இடம் உண்மையிலேயே அழகுதான், ஆனால் அது பூங்கா இல்லை, தோட்டக் காணி. பிறகு விடிவதற்குள் காட்டுப் பாதையால் மேலே ஏற்றி உலக முடிவைக் காட்டி, டிக்கெட் காசை மிச்சம் பிடித்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். பெலிஹுல்ஓயாப் பக்கம் இறங்குவது என்று அவர் சொல்லும் வழியும் இதே பாதையாகத்தான் இருக்கும். டிக்கெட் கொடுக்கும் வாயில்கள் இருப்பது பட்டிப்பொலப் பக்கமும் ஒஹியாப் பக்கமும்தான். கீழிருந்து ஏறும் அந்தப் பாதையில் வாயிலும் இல்லை, பதிவும் இல்லை, நீங்கள் ஏழு பேரும் உள்ளே போனதற்கு ஒரு எழுத்தும் இல்லை. மூடுபனியில் ஒருவன் கால் தவறினால் உங்களைத் தேட வேண்டும் என்றே ஒருவருக்கும் தெரியாது. அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் நீதிமன்றத்தில் நிற்பது உங்கள் அடையாள அட்டை, அவருடைய முகநூல் பக்கம் அன்றைக்கே காணாமல் போயிருக்கும்.

சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள், உண்மையான சீட்டையே காட்டுவார்கள். ஒரே முன்பதிவை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று குழுக்களிடம் பணம் வாங்குவது, நான்கு பேருக்கு எடுத்த சீட்டில் பத்துப் பேரைக் கூட்டிவருவது, போன மாதச் சீட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது, எல்லாம் நடக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அந்தப் பலவீனம் இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். எழுத்து தெரியாவிட்டால் விடுங்கள், எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. திகதி உங்கள் திகதியா, தலைக்கணக்கு உங்கள் கணக்கா, கட்டிய தொகை எவ்வளவு, யாருடைய பெயர், அந்தப் பெயருக்குரியவர் உங்களோடு வருகிறாரா, இதையெல்லாம் மூலச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், திரையில் பார்த்தது கணக்கில்லை. கோட்டையில் புகையிரதம் ஏறுவதற்கு முன்பே அது உங்கள் பையில் இருக்க வேண்டும். "வாயிலில் எனக்கு ஆள் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில் தழைப்பதற்குத் தரகர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பூங்காவுக்கு ஒரு திணைக்களம், ஒதுக்குக் காடுகளுக்கு இன்னொரு திணைக்களம், இடையில் தோட்டக் கம்பனிகளின் காணி. மூன்று நாள் நடக்க விரும்பும் ஒருவன் மூன்று இடத்தில் கேட்க வேண்டும், ஒருவர் கொடுக்கும் அனுமதி மற்றவருக்குச் செல்லாது. கட்டணமும் அப்படித்தான்: தலைக்கு ஒன்று, குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு வேறு, எல்லாவற்றுக்கும் மேல் வரி. ஏழு பேருக்கு மொத்தம் எவ்வளவு என்று வீட்டிலிருந்தே ஒரே வரியில் பார்க்க முடிந்திருந்தால் இந்த ஆளுக்கு வேலையே இருந்திருக்காது. ஒரு படிவத்தை ஒழுங்காகப் போட முடியாத அலட்சியத்துக்கு நம் பிள்ளைகள் தரகரிடம் காசு கட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே ஆத்திரமாக இருக்கிறது.

கனடாக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் குடும்பங்களுக்குள் சண்டையே வருகிறது. உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உள்ளூர்க்காரர் கட்டுவது ஒரு தேநீர், வடைக் காசு. வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கில் போடுகிறார்கள். பெரியப்பா மகன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், முகத்தைப் பார்த்தால் நம் ஆள் என்று தெரியும், இதெல்லாம் வாயிலில் செல்லாது. பார்ப்பது குடியுரிமை. அவர் கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை போய்விட்டது என்றால், பழைய அடையாள அட்டை இன்னும் பேர்ஸில் கிடந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். அதைக் காட்டி உள்ளே போகச் சொல்லித்தான் அந்த ஆள் யோசனை சொல்லப்போகிறார், செய்யாதீர்கள், விடுமுறைக்கு வந்தவரைப் பொய் சொன்ன வழக்கில் மாட்டிவிட்டு விமான நிலையத்துக்கு அனுப்புவீர்களா? இரட்டைக் குடியுரிமை முறைப்படி எடுத்தவர் என்றால் கதை வேறு. அவர் இலங்கைக் குடிமகன், இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் கொண்டுவரட்டும், உள்ளூர்க் கட்டணம்தான் கேட்க வேண்டும். ஆனால் இரட்டைக் குடியுரிமை அவருக்கு மட்டும் என்றால் அங்கே பிறந்த மனைவிக்கு அது தானாக ஒட்டாது. பிள்ளைகளுக்கும் அப்படியே, அவர்களுக்கென்று தனியாகப் பதிவு செய்து இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்பதும் செல்லாது. இதையெல்லாம் அவரிடம் இப்போதே, தொலைபேசியில், கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கட்டணம் என்றால் அதைக் கட்டட்டும், கனடாவிலிருந்து வரும் பயணச் செலவில் அது பெரிய தொகை இல்லை.

சரி, பாதை. ஒஹியா நிலையத்திலிருந்து மேலே, சமவெளியில் பார்வையாளர் நிலையம் இருக்கும் ஃபார் இன் வரைக்கும் சுமார் 11 கிலோமீற்றர், ஏற்றம். நிலையம் 1,774 மீற்றர் உயரத்தில், சமவெளி 2,100க்கு மேல். கூடாரமும் சாப்பாடும் முதுகில் இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள்: உலக முடிவு தெளிவாகத் தெரிவது காலையில், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து பனிமூட்டம் ஏறி மூடிவிடும். வாயில் காலை 6 மணிக்குத் திறந்து, அன்றைக்கே நடந்து ஏறி, அப்புறம் உலக முடிவுக்குப் போனால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் முதல் நாள் ஆறுதலாக ஏறுங்கள், ஒதுக்கிய இடத்தில் தங்குங்கள், மறுநாள் விடிந்ததும் சுற்றுப் பாதையைத் தொடங்குங்கள். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. உடம்பில் தெம்பு இருந்தால் 2,388 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தைக்கும் ஃபார் இன் பக்கமிருந்தே பாதை உண்டு, போக மட்டும் சுமார் 7 கிலோமீற்றர், ஆள் நடமாட்டம் குறைவு. பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெலிஹுல்ஓயாப் பக்கம் இறங்கியே ஆக வேண்டும் என்றால் நேர்மையான வழி இருக்கிறது. ஒஹியா வாயிலால் முறையாக வெளியே வந்து, உடவேரியாத் தோட்டத்தின் வழியாக டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று எல்லோரும் சொல்லும் இறக்கத்தைப் பிடியுங்கள். அது 263 மீற்றர் உயரமான பம்பரக்கந்த நீர்வீழ்ச்சியின் பக்கமாக வந்து களுப்பஹனவில் கொழும்பு வீதியில் விடும், பஸ் அங்கேயே வரும். பூங்காவுக்கு வெளியே என்பதால் வனஜீவராசிகள் டிக்கெட் வேண்டாம், ஆனால் தோட்டக் காணி, வேலை செய்கிறவர்களிடம் வழி கேட்டு, கொழுந்துக்குள் இறங்காமல் நடங்கள். மழை பெய்தால் அந்த இறக்கத்தை மறந்துவிட்டு ஒஹியாவிலேயே புகையிரதம் ஏறுங்கள். மலைநாட்டுப் பாதை மண்சரிவுக்கு அடைபடுவது வழக்கம் என்பதால் புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்று கோட்டையில் முதலே கேட்டுவிடுங்கள்.

அவருடைய விளம்பரத்தில் நெருப்பு மூட்டிப் பாட்டுப் போடுவதும் இருக்கும். காய்ந்த புல்வெளியில் ஒரு பொறி போதும், ஜனவரி, பெப்ரவரியில் இரவில் உறைபனி பிடித்துப் பகலில் வெயில் காயும்போது அந்தப் புல் எண்ணெய் ஊற்றியது மாதிரி எரியும். களனி, மகாவலி, வளவை மூன்றுக்கும் ஊற்று இந்த மேட்டில்தான், கொழும்பில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு களனியிலிருந்து எடுப்பது. எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

வாயிலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபலைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆகவே லஞ்ச் சீட்டில் சோறு கட்டாமல் டப்பாவில் கொண்டுபோங்கள், பிஸ்கட்டையும் வீட்டிலேயே உறை பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபார் இன் பக்கம் மரைகள் மனிதருக்குப் பழகிப்போய்க் கிட்டவே வந்து நிற்கும், கையில் இருப்பதைக் கொடுக்காதீர்கள், உப்பு வாசம் பிடித்த உறையையும் சேர்த்தே தின்றுவிடும்.

கூடார இடம் நீங்கள் கேட்கும் திகதிக்குக் கிடைக்கவில்லை என்றால் திகதியை மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால் பட்டிப்பொலவிலோ ஒஹியாவிலோ இரவு தங்கி, வாகனம் ஒன்றை முதல் நாளே பேசி வைத்து, 6 மணிக்கு வாயிலில் நின்று டிக்கெட் எடுங்கள். சுற்றுப் பாதையை முடித்துவிட்டு ஒஹியாவுக்கு நடந்தே இறங்கலாம், அந்த 11 கிலோமீற்றரும் இறக்கம்தான்.