மில் ஷெட்டில் கார் பட்டறை: சுவர் கட்டாயம் வேண்டும்

கோவையில் பழைய மில் ஷெட் ஒன்றில் பழைய கார்களைச் சீர்செய்யும் பட்டறையும் பார்வையாளர் கூடமும் சேர்ந்து வரப்போகிறது, நடுவில் சுவரே வேண்டாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட், சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. கண்ணாடிச் சுவராக இருக்கட்டும், ஆனால் கூரைவரை அடைத்திருக்க வேண்டும், காற்றில் பறப்பது எதுவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகக் கூடாது.

ஒருமுறை எங்கள் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டிக்கு சிலிகான் கலந்த பாலிஷ் போட்டுவிட்டார்கள். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகும்; அன்று அடித்த பானட் முழுக்க மிளகு அளவில் வட்டக் குழிகள், எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து மறுபடி அடித்தோம். அதனால் பெயின்ட் அறை தனிக் கட்டடம், வடிகட்டிய காற்று, தனி எக்ஸாஸ்ட். பெயின்டுக்கு முன் பூசும் பட்டியைத் தேய்ப்பதும் அந்தக் கட்டடத்துப் பக்கமே. டிங்கரிங்கையும் (தகட்டின் நசுங்கலைத் தட்டி நிமிர்ப்பது) இன்ஜின் பிரிப்பதையும் கண்ணாடியை ஒட்டி வையுங்கள், மக்கள் நின்று பார்ப்பது அதைத்தான். பெர்லினில் பழைய ட்ராம் டிப்போவுக்குள் 2003இல் தொடங்கிய கிளாசிக் ரெமிஸைப் பாருங்கள், பட்டறைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கார்களும் ஒரே கூரையின் கீழ்.

அப்புறம், ரம்பப்பல் போல ஏறி இறங்கும் கூரையின் வடக்கு ஜன்னல்களை இடிக்க விடாதீர்கள், தகட்டின் நெளிவு அந்தச் சீரான வெளிச்சத்தில்தான் தெரியும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை உச்சி வெயில் நம் ஊரில் லேசாக வடக்கிலிருந்து விழும், மறைப்பு இல்லாவிட்டால் லெதர் சீட் வெளுத்துவிடும்.

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பிட் தோண்டாதீர்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், பள்ளத்தில்தான் தேங்கும். காரைத் தூக்கும் லிஃப்ட் போடலாம், அதற்கு உயரம் வேண்டும். தரையிலிருந்து கூரையைத் தாங்கும் டிரஸ்வரை எத்தனை அடி?