லீசிங் கார், ட்ராக் டே, அக்காவின் கையெழுத்து

கேள்வி: எனக்கு 29 வயது. மட்டக்களப்பு டவுனில் தனியார் நிறுவனமொன்றில் வேலை. போன வருடம் லீசிங்கில் ஒரு சுசுகி சுவிஃப்ட் எடுத்தேன். மாதம் 78,000 ரூபாய், மொத்தம் 60 தவணை. 14 தவணை கட்டியாகிவிட்டது, ஒன்றும் பிந்தவில்லை. நண்பர்கள் சிலர் பன்னலையில் நடக்கவிருக்கும் ட்ராக் டே ஒன்றுக்குப் போகிறார்கள். போட்டி இல்லை, பரிசும் இல்லை, பந்தயத் திடலில் அவரவர் காரை ஓட்டிப் பார்ப்பதுதான். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். பேப்பரில் ஒரு குறையும் இல்லை: முழுக் காப்புறுதி இருக்கிறது, களுவாஞ்சிக்குடியில் டீச்சராக இருக்கும் அக்கா, லிண்டலோடு நிற்கும் தன் வீட்டுக்கு எடுக்கவிருந்த கடனைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். லீசிங் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா? டயர் மாற்ற வேண்டுமா? ரோட்டில் பறப்பதைவிட இது பாதுகாப்புத்தானே?
– கல்லடி வாசகர்

பதில்:

தம்பி, லீசிங் வாகனத்தைப் பற்றி வரும் கடிதங்களை இப்போதெல்லாம் முதல் இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறேன். கல்யாண ஓட்டத்துக்கு வாடகைக்கு விட்டவர் எழுதுவார், சைலன்சரை மாற்றியவர் எழுதுவார், மச்சானிடம் ஈடு வைத்தவர் எழுதுவார். எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "பிரச்சினை ஒன்றும் வராதுதானே?" வராது என்று சொல்லி அனுப்புவதற்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் காரைப் பற்றிய பகுதியை விடுங்கள். அக்கா வருகிற வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பேப்பர் சுத்தம் என்று காட்டுவதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். காப்புறுதிக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரேயொரு காற்புள்ளி. இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு மூடிவிட்டீர்கள்.

அக்கா ஏன் தன் கடனைத் தள்ளிவைத்தார் என்று யோசித்தீர்களா? வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்ப்பது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை. எல்லாரும் கிரிப் என்கிறார்களே, அதுதான். அதில் ஒருவர் எடுத்த கடனோடு பிணை நின்ற கடனும் வரும். உங்கள் சுவிஃப்ட் அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வரியாகக் கிடக்கிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டும்வரை அது வெறும் வரி. பிந்தினால் அவருக்கும் கறை. மீதி 46 தவணை, தவணைக்கு 78,000, மொத்தம் 35 இலட்சத்து 88 ஆயிரம் ரூபாய். நீங்கள் கையை விரித்தால் அந்தக் கணக்கு களுவாஞ்சிக்குடிக்குத்தான் போகும். ஒரு டீச்சரின் சம்பளத்தில் மாதம் 78,000 எடுத்தால் மிச்சம் என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எனக்குப் போட விருப்பமில்லை.

சரி, கார் யாருடையது? பதிவுப் புத்தகத்தின் பிரதி உங்களிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டி முடித்து அந்தப் பெயரை நீக்கும்வரை நீங்கள் காரைப் பாவிக்கிறவர், அவ்வளவுதான். ஒப்பந்தத்தையும் வாசியுங்கள். கையெழுத்துப் போட்ட அன்று வாசித்திருக்க மாட்டீர்கள், யாரும் வாசிப்பதில்லை. வாகனத்தைப் பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ கொண்டுபோகக் கூடாது, அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று லீசிங் ஒப்பந்தங்களில் எழுதுவது வழக்கம். அதை மீறியது தெரிந்தால் தவணை பிந்தாவிட்டாலும் ஒப்பந்தத்தை முடித்துக் காரைத் தூக்கவும் இடமிருக்கும்.

அப்புறம் அந்த முழுக் காப்புறுதி. முழு என்ற சொல்லில் நம்ம ஆட்களுக்குப் பெரிய நம்பிக்கை. வழக்கமான மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் எதற்குக் காசு தரமாட்டோம் என்று ஒரு பகுதி உண்டு. போதையில் ஓட்டுவது, உரிமப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது ஆகியவற்றோடு பந்தயமும் வேகச் சோதனையும் அங்கேதான் கிடக்கும். பரிசு இல்லை, போட்டி இல்லை என்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று யாராவது நேரம் பிடித்தால் அது வேகச் சோதனை இல்லாமல் வேறென்ன? நேரமே பிடிக்காவிட்டாலும், பந்தயத் திடலில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் உங்களிடம் நல்ல பதில் இல்லை. திடல் வாசலில் ஒரு படிவம் நீட்டுவார்கள். எனக்கோ என் வாகனத்துக்கோ என்ன நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். அதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள்.

எல்லாச் சுமையும் யார் தலையில் வருகிறது என்று பாருங்கள். காப்புறுதி ஒதுங்கிவிட்டது, ஏற்பாட்டாளர் ஒதுங்கிவிட்டார். லீசிங் கம்பெனிக்குக் கார் நொறுங்கினாலும் கணக்கு அப்படியே நிற்கும். மிஞ்சுவது நீங்களும் அக்காவும். நீங்களாவது இரண்டு சுற்று ஓடிப் பார்த்திருப்பீர்கள்.

"ஏதாவது நடந்தால் ரோட்டில் நடந்ததாகச் சொல்லிவிடலாம்" என்று நண்பர்களில் ஒருவர் இதற்குள் சொல்லியிருப்பார். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த யோசனைக்குப் பெயர் மோசடி. காப்புறுதிக்குக் கோல் எடுத்தால் ஆள் அந்த இடத்துக்கே வந்து படம் எடுப்பார். ரோட்டில் பிரேக் அடையாளம் எங்கே, உடைந்த கண்ணாடித் துண்டு எங்கே என்று தேடுவார். ஏயார்பேக் விரிந்திருந்தால், மோதுவதற்கு முந்தைய செக்கன்களில் ஓடிய வேகத்தைப் பதிந்துவைக்கும் கார்கள் நிறைய. இதெல்லாம் போகட்டும், உங்கள் நண்பர்கள் அன்று மாலையே வீடியோ போடாமல் இருப்பார்களா?

ரோட்டைவிடத் திடல் பாதுகாப்பு என்பதில் ஒரு பாதி சரி. எதிரே பஸ் வராது, குறுக்கே மாடு வராது, முச்சக்கர வண்டி திடீரென்று திரும்பாது. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இரவில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறவர்களைத் திடலுக்குக் கூட்டிப்போனால் ஊருக்கே நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீர்களா? ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. அங்கே காரில் இருந்தவர்கள் அதற்கென்றே பழகியவர்கள். நீங்கள் பழகியது ஒஃபிசுக்கும் வீட்டுக்கும்.

காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், டயரை மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்பதால். திடலில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டொட் 3 என்ற ரக பிரேக் எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140 வரைக்கும் இறங்கிவிடலாம். மட்டக்களப்பின் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ரோட்டில் அந்தச் சூடு வராது. திடலில் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்தி அழுத்திப் பிடிக்கும்போது வரும். எண்ணெய் கொதித்தால் மிதி தரைவரைக்கும் போகும், கார் நிற்காது. ஓட்டோ கியர் என்றால் கியர்பெட்டியும் கொதிக்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அதற்குள் விலைகள் எங்கே போய்விட்டன என்று கார் எடுத்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கியர்பெட்டி என்ன விலை என்று கராஜில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை நீங்கள் யோசிக்கவே இல்லை. திடலில் ஓடுகிற காரிலேயேதான் வீட்டுக்கும் வர வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, வெந்த பிரேக்கோடும் தேய்ந்த டயரோடும், களைத்த உடம்போடும், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று முழு நீளத்துக்கு. வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் நடுவில் இருட்டில் யானை ரோட்டில் நின்றால் அந்தப் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது அக்காவிடம் திரும்புவோம், நான் அவரை விடுவதாக இல்லை. நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அக்கா தங்கைக்கு வீடு எழுப்பாமல் தனக்குக் கல்யாணம் பேசவே கூச்சப்பட்ட ஆண்கள் இருந்த ஊர் இது. அதற்காகச் சவூதிக்கும் கட்டாருக்கும் போய் வெயிலில் காய்ந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு. பல ஆண்பிள்ளைகளின் முதுகை முறித்த வழக்கம் அது. ஆனால் அதைத் தலைகீழாக்கி, அக்காவின் வீடு கூரையில்லாமல் நிற்க, அவருடைய கையெழுத்தில் எடுத்த காரைத் தம்பி பந்தயத் திடலில் சுற்றுவதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். நீங்கள் ஊரான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கூடப்பிறந்தவரின் அடுப்பங்கரைக்குள் போயிருக்கிறீர்கள்.

சுயமாகச் சம்பாதிக்கிறேன், தவணை பிந்தவில்லை என்பீர்கள். சந்தோஷம். பிந்தாமல் கட்டுவது நீங்கள் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. அதற்கு மேலே ஓர் ஆட்டம் ஆட அது அனுமதிச்சீட்டு ஆகாது.

லீசிங் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஓம், சொல்ல வேண்டும், எழுத்தில். காப்புறுதிக்கும் அதே மாதிரி எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் அவர்களை விட்டுவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வேகம்தான் வேண்டும் என்றால் பண்டாரகமையில் கார்ட்டிங் திடல் இருக்கிறது, காசைக் கட்டி அவர்களுடைய வண்டியில் ஓடுங்கள். இல்லாவிட்டால் நண்பர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் தலைக்கவசத்தோடு உட்காருங்கள். 60ஆவது தவணை முடிந்து, பதிவுப் புத்தகம் உங்கள் பெயருக்கு முழுசாக வந்து, அக்காவின் பிணையும் கழிந்த பிறகு அந்த சுவிஃப்டை எந்தத் திடலில் வேண்டுமானாலும் நொறுக்குங்கள். அப்போது நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

அதுவரை பொறுக்க முடியாது என்றால், வருகிற ஞாயிறு களுவாஞ்சிக்குடிக்குப் போங்கள். லீசிங் ஒப்பந்தத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோய் அக்கா முன்னால் வையுங்கள். பந்தயம் என்று வரும் இடங்களை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, நான் போகட்டுமா என்று கேளுங்கள். அக்கா போ என்று சொன்னால் மறுபடி எழுதுங்கள். டயரைப் பற்றி அப்போது பேசலாம்.